ஒப்பமிடாத மூன்றாமவர்

ஒப்பந்தம் என்பது இருவருக்கிடையே நிகழ்வது. கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர். இருவரும் மனமொப்பிக் கையொப்பமிட்டால் அறம் நிறைவேறிற்று என்பது வாணிப உலகின் கொள்கை. ஆனால், அவ்விருவர் பேசி முடித்ததன் விளைவைத் தாங்க வேண்டியவர் வேறொருவராயின், அவ்வொப்பந்தத்தை நீதியானது என்று கூறலாமா? அந்த மூன்றாமவருக்கு மேசையருகே இருக்கை இல்லை. அவர் வயலாக இருக்கலாம், களப்பாக இருக்கலாம், அவற்றை நம்பி வாழும் குடும்பமாக இருக்கலாம், இன்னும் பிறவாத தலைமுறையாகவும் இருக்கலாம். நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளைப் பற்றிப் பொருளியலாளர் கேட்கும் கேள்விகள் பல. மூன்றாமவர் பற்றிய இக்கேள்வி அறவியலுக்குரியது. அதனைத் திருகோணமலையில் நின்று கேட்பது மிகப் பொருத்தமென்று கருதுகிறோம்.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தை உலகம் நெடுங்காலம் கடற்படைகளின் கண்கொண்டே நோக்கி வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர் அனைவரும் அதன் ஆழத்தையே விரும்பினர். ஆனால், துறைமுகத்தின் முதுகுப்புறத்திலே மற்றோர் உலகம் இருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் நிலங்கள், தம்பலகாமத்து வயல்வெளி, கிண்ணியா, மூதூர், வெருகல் ஆகிய ஊர்களின் வேளாண்மை, மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் மீன்வளம் ஆகியனவே அவ்வுலகம்.

இவ்விரு உலகங்களும் எதிரெதிரே நிற்கும் இடம் சீனக்குடாவின் மா ஆலையாகும். 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு இலங்கை அரசு உடன்படிக்கை செய்தது. 1980இல் ஆலை இயங்கத் தொடங்கிற்று. வணிக அளவில் கோதுமை விளையாத நாடு இது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கோதுமை இங்கே அரைபட்டது. மா அரசுக்குச் சேர்ந்தது. அரைப்புக் கூலியாகத் தவிடு நிறுவனத்துக்குச் சேர்ந்தது. அவ்வேற்பாட்டில் கோதுமைக்கு இடமிருந்தது, மாவுக்கு இடமிருந்தது, தவிட்டுக்குங்கூட இடமிருந்தது. அம்மாவோடு போட்டியிட்டுத் தன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த தம்பலகாமத்துக் கமக்காரர் அதில் ஒரு தரப்பினர் அல்லர்.

இதைக் கூறுவதால் நாம் வர்த்தகத்துக்கே பகைவர் என்று எவரும் கருத வேண்டியதில்லை. பாணும் ரொட்டியும் உண்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் பசி உண்மையானது. பிற நாட்டுத் தானியம் ஒரு நாட்டைக் காத்த வரலாறும் எம்மிடம் உண்டு. 1952 டிசம்பரில் இலங்கையும் மக்கள் சீனமும் செய்துகொண்ட இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை நினைத்துப் பார்ப்போம். ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசி வரவேண்டும். 50,000 தொன் இறப்பர் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. அரிசி கிடைக்காத நாடும் இறப்பர் கிடைக்காத நாடும் ஒன்றின் தேவையை மற்றொன்று அறிந்து செய்த பரிமாற்றம் அது. அமெரிக்கா தன் உதவியை நிறுத்திய போதும் அவ்வொப்பந்தம் நிலைத்தது. பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலில் இந்நாட்டு மக்கள் கொதித்தெழுந்ததையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். உணவைப் பற்றிய எந்த முடிவும் வெறும் கணக்கு அன்று என்பதை அன்றே மக்கள் தெருவில் நின்று எழுதிவைத்தனர். ஆயினும், பேரம் நியாயமானதாயிருந்த அந்த ஒப்பந்தத்திலும் மண் பேசவில்லை. எத்தனை தொன், என்ன விலை என்பவையே பேசப்பட்டன. காலத்தின் குறை அது என்று அதனை மன்னிக்கலாம். பின்வந்த காலத்துக்கு அம்மன்னிப்பு இல்லை.

பின்வந்த காலம் மண்ணுக்கு எத்தகைய இடம் அளித்தது என்பதை இனிப் பார்ப்போம். 1947இல் ஜெனீவாவில் உருவான தீர்வை, வர்த்தகப் பொது உடன்படிக்கையின் தொடக்க உறுப்பு நாடுகள் இருபத்து மூன்றனுள் இலங்கையும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. அவ்வுடன்படிக்கையின் இருபதாம் உறுப்புரை மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் உயிரையும் நலத்தையும் காக்கும் நடவடிக்கைகளுக்கும், தீர்ந்துபோகும் இயற்கை வளங்களைக் காக்கும் நடவடிக்கைகளுக்கும் இடமளிக்கிறது. அவ்வுறுப்புரையின் தலைப்பு ‘பொது விதிவிலக்குகள்’ என்பதாகும். அச்சொல்லிலேயே செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. வர்த்தகம் விதி; உயிர் விதிவிலக்கு. விதியை மீறாதவன் எவருக்கும் காரணம் கூற வேண்டியதில்லை. விதிவிலக்கை வேண்டுபவனே, தன் செயல் மறைமுகமான வர்த்தகத் தடை அன்று என்று நிறுவவேண்டும். மண்ணைக் காப்பவன் கூண்டில் நின்று விளக்கம் கூறும் நிலை இவ்வாறு பிறந்தது.

1998 டிசம்பர் 28ஆந் திகதி கைச்சாத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை அவ்விதிவிலக்கையே தன் நான்காம் உறுப்புரையில் ஏற்றுக்கொண்டது. கமத்தொழிலைப் பொறுத்தவரை, தீர்வைச் சலுகைக்கு உட்படாத பொருள்களின் பட்டியல் ஒன்றை இலங்கை வைத்துக்கொண்டது. 1,180 பொருள்கள் அதில் இடம்பெற்றன. விளைபொருள் பலவற்றுக்கு அது வேலியாயிற்று. வேலி வேண்டும் என்பதை இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன என்பது நல்ல செய்தியே. ஆனால், வேலியின் பலம் எத்தகையது? மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் செம்பனை எண்ணெய் இலங்கைக்கு வந்து, இங்கே வனஸ்பதியாக மாறி, இலங்கைப் பொருள் என்ற பெயரோடு தீர்வையின்றி இந்தியாவுக்குச் சென்ற கதை பலரும் அறிந்தது. இந்திய உற்பத்தியாளர் எதிர்த்த பின்னர் அதற்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. அந்த எண்ணெய் ஈழத்து மண்ணில் விளைந்ததும் அன்று. தமிழ்நாட்டு மண்ணில் விளைந்ததும் அன்று. இரு நாட்டுக் கமக்காரரின் பெயரால் திறந்த வாயிலில் மூன்றாம் நாட்டுப் பெருந்தோட்டத்தின் எண்ணெய் சென்றது. ஆதாயம் ஆலை வைத்தவரைச் சேர்ந்தது.

2018 ஜனவரியில் சிங்கப்பூரோடு மற்றோர் உடன்படிக்கை கைச்சாத்தாகி, அதே ஆண்டு மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் தீர்வைப் பட்டியலில் கழிவுப் பொருள்களின் பெயர்களும் இடம்பெற்றிருந்தமை வெளிப்பட்டபோது நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தீர்வையைக் குறைப்பது இறக்குமதிக்கு அனுமதி அளிப்பதாகாது என்று அரசு விளக்கம் கூறிற்று. சட்டத்தின் நோக்கில் அவ்விளக்கம் பிழையன்று. ஆயின், குப்பையையும் ஒரு சரக்கென்று எண்ணிட்டு வரிசையில் வைக்கும் மனநிலையே இங்கு ஆராய்தற்குரியது. சந்தையின் மொழியில் தீமைக்கென ஒரு சொல் இல்லை, எல்லாம் பண்டம்.

இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று என்பது 2019இல் தெளிவாயிற்று. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்று கூறி அனுப்பப்பட்ட கொள்கலன்களிலே மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்தமையைச் சுங்கத்தார் கண்டனர். சிங்கப்பூர் உடன்படிக்கைக்கும் இக்கொள்கலன்களுக்கும் நேரடித் தொடர்பில்லை. மறுஏற்றுமதிக்கெனத் தளர்த்தப்பட்ட வர்த்தக மைய விதிகளின் வழியாக அவை நுழைந்தன. சூழல் ஆர்வலர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 263 கொள்கலன்கள் திரும்பிச் சென்று முடிய 2022 பெப்ரவரி ஆயிற்று. நுழைவதற்குச் சில தாள்கள் போதுமாயிருந்தன. வெளியேறுவதற்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

மண்ணுக்குக் கிடைத்த காவல் இவ்வளவே. மூலதனத்துக்குக் கிடைத்த காவல் எத்தகையது? அதற்கான விடை கிழக்கு மாகாணத்திலேயே, திருகோணமலைக்கு அயலிலுள்ள மட்டக்களப்பில் எழுதப்பட்டிருக்கிறது. 1987 ஜனவரி 28ஆந் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இருந்த இறால் பண்ணை ஒன்று பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையின்போது அழிந்தது. பண்ணையின் மேலாளரும் ஊழியர் பலரும் சுற்றுப்புறத்து மக்கள் பலரும் கொல்லப்பட்டனர். அப்பண்ணையில் ஹொங்கொங் நிறுவனமொன்று பங்கு வைத்திருந்தது. 1980இல் பிரித்தானியாவும் இலங்கையும் செய்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஹொங்கொங்குக்கும் விரிவாக்கப்பட்டிருந்தமையால், அந்நிறுவனம் வாஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறுகளுக்கான அனைத்துலக மையத்திடம் சென்றது. 80 இலட்சம் டொலருக்கு மேல் கோரியது. 1990 ஜூன் 27ஆந் திகதி 460,000 டொலரும் வட்டியும் வழங்குமாறு தீர்ப்பாயிற்று. இருநாட்டு முதலீட்டு உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு அம்மையத்திலே தீர்ந்த முதல் வழக்கு அதுவே. உலகின் முதலீட்டுச் சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் அதனைப் படிக்கின்றனர்.

நிறுவனம் நீதி கேட்டது தவறென்று நாம் கூறவில்லை. அரசு தன் கடமையில் தவறியது என்று தீர்ப்பு கூறியதும் தவறன்று. எம்மைச் சுடுவது வேறொன்று. அதே நாளில் அதே மண்ணில் மகனையோ கணவனையோ இழந்த தாய்க்கும் மனைவிக்கும் அந்த மண்டபத்தின் கதவு திறந்திருக்கவில்லை. உடன்படிக்கை பேசியது முதலீட்டை. உயிர் அதில் ஒரு தரப்பன்று. இறாலுக்கு நடுவர் இருந்தனர். இறால் வளர்த்த கைகளுக்கு இல்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதா? எமது நாட்டின் அரசியலமைப்பையே விரித்துப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, சமுதாயத்தின் நன்மைக்காகச் சுற்றாடலைப் பாதுகாத்தல், பேணுதல், மேம்படுத்தல் அரசின் கடமையென்று கூறுகிறது. 29ஆம் உறுப்புரையோ, அவ்வத்தியாயத்தின் ஏற்பாடுகள் எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தத்தக்க உரிமைகளை அளிக்கமாட்டா என்று கூறி நிற்கிறது. 157ஆம் உறுப்புரையைப் பார்ப்போம். அயல்நாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையொன்றைத் தேசிய பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால், அது சட்டத்தின் வலுவைப் பெறும். தேசிய பாதுகாப்பின் பொருட்டன்றி அதற்கு மாறாகச் சட்டம் இயற்றவும் முடியாது, நிருவாக நடவடிக்கை எடுக்கவும் முடியாது. மண்ணுக்கு ஒரு நல்வாக்கு; மூலதனத்துக்கு ஒரு கோட்டை. ஒரே நூலின் இரு பக்கங்களில் இவை இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. வாக்குறுதி எது, அணிகலன் எது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: மீறப்பட்டால் கேட்பதற்கு நடுவர் உண்டா? உண்டெனில் அது வாக்குறுதி. இல்லையெனில் அது முகவுரையில் பதித்த அணிகலன்.

மண்ணைக் காக்கும் சட்டம் செயற்படும்போதும் அதற்கொரு விலை கேட்கப்படுகிறது. 2021இல் நிகழ்ந்தது அதற்குச் சான்று. அவ்வாண்டில் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. சேதன உரம் தேவையென்று சீன நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் ஆயிற்று. அனுப்பப்பட்ட மாதிரியிலே தீங்கு விளைக்கும் நுண்ணுயிர் இருப்பதாகத் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் கண்டு அனுமதி மறுத்தனர்; நிறுவனம் அம்முடிவை ஏற்க மறுத்தது. ஏறத்தாழ 20,000 தொன் உரத்தோடு வந்த கப்பல் இறக்காமலே திரும்பிற்று. கொடுப்பனவை நிறுத்திய மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. ஒரு பிடி உரமும் வயலுக்கு வரவில்லை, பணம் சென்றது. விற்றவர் எந்நாட்டவர், அந்நாட்டின் கொடி எந்நிறம் என்பதைப் பொறுத்து இவ்விடத்தில் எமது தீர்ப்பு மாறலாகாது. இறப்பர் அரிசி ஒப்பந்தத்தைப் போற்றிய அதே நாவினால் இதனைக் கண்டிக்கவும் வேண்டும்.

அவ்வாண்டின் உரத்தடை மற்றொரு பாடத்தையும் தந்தது. சூழலைக் காக்கிறோம் என்ற பெயரால் கமக்காரரைக் கேளாது பிறந்த ஆணை அது. பெரும்போகத்துக்கு உரமின்றித் தவித்த கமக்காரர் நாடெங்கும் வீதிக்கு வந்தனர். நவம்பரில் அரசு பின்வாங்கிற்று. ஆகவே, சூழல் ஒருபுறம், கமத்தொழில் மறுபுறம் என்று வைத்து எமக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொய்யான தேர்வு. இரண்டையும் காயப்படுத்துவது ஒன்றே: விளைவைத் தாங்குபவரைக் கேளாமை.

இங்கே நேர்மையான ஐயமொன்று எழும். உடன்படிக்கைகளில் சூழல் விதிகளைக் கடுமையாக்கினால், செல்வ நாடுகள் அவற்றையே வேலியாக்கி ஏழை நாடுகளின் பொருள்களைத் தடுக்கமாட்டாவா? இவ்வையத்துக்கு ஆதாரம் உண்டு. கடலாமைகள் தப்பிச்செல்லும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியன உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998இல் வந்த முடிவு, கடலாமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது. அதனைச் செயற்படுத்திய முறை பாரபட்சமானது என்பதாயிற்று. மறுபுறம், சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 நடுப்பகுதி வரை இலங்கை மீனைத் தடுத்தது. அதன் பயனாக ஆழ்கடற் படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு இங்கு வலுப்பெற்றது. கடல்வளம் காக்கப்படுவது கொட்பேயிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவருக்கும் நன்மையே. ஆனால், அத்தடைக் காலத்தில் வலை இழுப்பவரின் அடுப்பு எரிந்ததா என்று விசாரிக்கும் பொறுப்பு எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வேலியை இடுபவர் வலியவராயிருக்கும்வரை, வேலியின் கூலியை எளியவரே செலுத்துகிறார். இதற்கு மருந்து சூழல் விதிகளைக் கைவிடுவதன்று. அவ்விதிகளை எழுதும் இடத்தில் மீனவரையும் கமக்காரரையும் அமர்த்துவதேயாகும்.

உடன்படிக்கை என்ற சொல் வயலுக்கு வரும்போது அப்பெயரோடு வருவதில்லை. குத்தகை, முதலீட்டு வலயம், மின் திட்டம் என்று வேறு பெயர்களோடு வருகிறது. போரினால் 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணில், இந்தியத் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து 500 மெகாவற் நிலக்கரி மின் நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்தன. மக்கள் முகாம்களில் இருக்க, அவர்தம் நிலத்தின் எதிர்காலம் இரு நாட்டு நிறுவனங்களின் தாள்களில் எழுதப்பட்டது. சாம்பலையும் கடலுக்குத் திரும்பும் சூடான நீரையும் எண்ணி மூதூர்ப் பகுதி மக்களும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தனர், வழக்கும் தொடுக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரியினும் சூரியன் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும், அதே ஆண்டில் முத்துநகரில், துறைமுக அதிகார சபைக்குரியதென்று கூறப்படும் நிலத்தில் வேளாண்மை செய்துவந்த கமக்காரர், சூரிய மின் திட்டங்களுக்காகத் தம் வயல்களை இழந்து மாவட்டச் செயலகத்தின் முன் போராட்டத்தில் அமர்ந்தனர். கரிக்குப் பதில் கதிர் வந்தது. கேளாமை மட்டும் மாறவில்லை. சூரியன் எல்லாருக்கும் பொது. அதன் ஒளி விழும் வயலுக்கு ஒரு பயிரிட்டவர் உண்டு.

மூன்றாமவர் எழுந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் எம்மிடையே சான்று உண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொசுபேற்றுப் படிவத்தை அமெரிக்க நிறுவனமொன்றின் துணை நிறுவனத்துக்கு அளிக்கும் ஒப்பந்தம் தயாராயிற்று. அவ்வூர்க் கமக்காரர் சிலரும் விகாரையின் பிக்கு ஒருவரும் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர் எவரும் ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லர். ஆயினும் 2000 ஜூனில் நீதிமன்றம் அவர்களின் அடிப்படை உரிமை மீறப்படவிருப்பதைக் கண்டது. முறையான ஆய்வும் சுற்றாடல் அங்கீகாரமும் இன்றி ஒப்பந்தம் செய்யலாகாது என்று தடுத்தது. இயற்கை வளத்துக்கு அரசு நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற கருத்தை வலியுறுத்திற்று. ஒப்பமிடாதவர்க்கும் உரிமை உண்டு என்பதை ஏழு மனிதர் நிலைநாட்டினர். எந்தச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் அளிக்காத இருக்கையை அவர்கள் தாமே கொண்டுவந்து போட்டனர்.

எனவே, நாம் வேண்டுவது யாது? இந்தியாவோடு பொருளாதார, தொழில்நுட்ப உடன்படிக்கை பற்றிய பேச்சு 2016 முதல் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறது. அதுவாயினும் வேறெதுவாயினும், கைச்சாத்தாகுமுன் அதன் வரைவு தமிழிலும் சிங்களத்திலும் வெளியாக வேண்டும். கமக்காரர் அமைப்புகளிலும் மீனவர் சங்கங்களிலும் அது வாசிக்கப்பட வேண்டும். முதலீட்டுக்கு எந்த நடுவர் உண்டோ, மண்ணுக்கும் நீருக்கும் அதே வலுவுடைய நடுவர் வேண்டும். உணவு விளையும் நிலமும் அதற்குரிய நீரும் பேரத்துக்கு உரியன அல்ல என்பது விதிவிலக்காக அன்றி விதியாகவே எழுதப்பட வேண்டும். இவை பேராசைகள் அல்ல. இருவர் பேசும்போது மூன்றாமவரின் வீட்டை விற்கலாகாது என்ற சாதாரண நாகரிகமே இது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. இவ்வுடன்படிக்கைகள் கடின மொழியிலே எழுதப்படுவதன் காரணம் பொருளின் கடுமை மாத்திரமன்று; படிப்பவர் குறைந்திருப்பது எழுதுபவர்க்கு வசதியாயிருப்பதுமாகும். அவற்றை எடுத்து, பிரித்து, மூதூரிலும் கிண்ணியாவிலும் முத்துநகரிலும் வாழ்பவர்க்கு விளங்கும் தமிழில் சொல்பவர், அம்மூன்றாமவரை மேசைக்கு அழைத்துவருபவராவார். துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலையும் பார்த்து, இதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் எம் வகுப்பறைகளில் தொடங்கட்டும்.